தலைகீழ்ப் பிறை

மேசைமேல் வைத்த ஸ்க்ரூ டிரைவர் நகர்ந்தது.

உருளவில்லை. உருண்டிருந்தால் கரண்டு அதைக் கண்டுகொண்டிருக்கவே மாட்டான்; அந்த மேசைக்கு ஒரு கால் குட்டை, அதன்மேல் வைக்கிற எதுவும் கொஞ்ச நேரத்தில் வாசல் பக்கமாக உருண்டு கீழே விழுந்து அவன் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தையைப் பிடுங்குவது தினப்படி நடப்பதுதான். இது மேட்டுப் பக்கமாகப் போனது. முனையை முன்னால் நீட்டிக்கொண்டு, காரிலிருந்து கழற்றி வைத்திருந்த, பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றுகிற ஆல்டர்நேட்டரை நோக்கி மெல்ல ஊர்ந்து, அதன் பின்பக்க பேரிங்கில் 'டிக்' என்று ஒட்டிக்கொண்டது.

கரண்டு என்பது அவனுக்குத் தெரு வைத்த பெயர். கார்களில் மின்சார வேலை எதுவானாலும் அவன்தான். ஆல்டர்நேட்டர் ஸ்க்ரூ டிரைவரை இழுப்பது அவனுக்குப் புதிதல்ல, வண்டியில் இருக்கும்போது இழுத்தால் சந்தோஷப்படுவான். சாவியைத் திருப்பினதும் பாட்டரியின் மின்சாரம் இரண்டு கார்பன் துண்டுகள் வழியாக உள்ளே இறங்கி, நடுவில் சுழல்கிற ரோட்டரைக் காந்தமாக்கும். இழுத்தால் கார்பன் நன்றாக இருக்கிறது, இழுக்காவிட்டால் தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான் கணக்கு. ஆனால் இது வண்டியில் இல்லை. இதற்குப் பாட்டரி இல்லை. ஒரு வயர்கூட மாட்டவில்லை.

"மிச்சக் காந்தமா இருக்கும்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கினான். கொஞ்சம் பலமாகவே பிடுங்க வேண்டியிருந்தது.

வார விடுமுறை. தெருவில் எல்லா ஷட்டர்களும் இறங்கிக் கிடந்தன. கரண்டும் கூட்டாளியும் சேர்ந்து நடத்துகிற பட்டறையின் ஷட்டர் மட்டும் இடுப்பளவுக்குத் தூக்கியிருக்க, அந்த இடைவெளியில் சாயங்கால வெளிச்சம் எண்ணெய் ஊறிய தரைமேல் பழுப்பாக விழுந்து, நிமிஷத்துக்கு நிமிஷம் வாசலை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. டியூப்லைட்டின் சோக் இரைந்தது. பின்கட்டுக் குழாய் சொட்டியது. கிரீஸும் பழைய ரப்பரும் ஈரச் சாக்கும் கலந்த வாசனை, அதில்தான் அவன் வயது பாதி போயிருந்தது, அதை அவன் வாசனையென்றே நினைத்ததில்லை. இன்றைக்கு அதற்கடியில் வேறொன்று இருந்தது. நகம் வெட்டி அடுப்பில் போட்டால் வருமே, அது.

காலையில் கூட்டாளிதான் ஆல்டர்நேட்டரைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். "கார்பன் போயிருக்கும் மாப்ள, ரெகுலேட்டரையும் ஒரு பார்வ பாத்துடு. நாளைக்குக் காலைல வண்டி போகணும். நான் கழட்டினதோட சரி, உள்ள தொடவே இல்ல" என்றான். சொல்லும்போது சிரித்தான். ஒரு மாதமாக அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பாட்டரி ஆசிட் கையில் கொட்டிவிட்டதென்று இரண்டு கையிலும் துணியுறை மாட்டிக்கொண்டு, சோறு இறங்காமல், தூங்காமல், கன்னம் ஒட்டிப் போய்த் திரிந்தவன். அவனுடைய நுணுக்கமான வேலையையெல்லாம் கரண்டுதான் இழுத்துப் போட்டுச் செய்தான். அதற்காக முகம் சுளித்ததும் இல்லை. இன்று அவன் பழையபடி சிரித்ததைப் பார்த்து, அப்பாடா, ஆள் தேறிவிட்டான் என்று கரண்டுக்கு வயிறு குளிர்ந்தது.

அவர்கள் இருவரும் மச்சான், மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக்கொள்வது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. கரண்டுக்கு அப்பா அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய் இனி யாருக்கும் அந்தப் பேச்சை எடுக்கவே கூச்சமாகிவிட்டது. கூட்டாளியின் மனைவியை அவன் தங்கச்சி என்றான், அவள் அவனை அண்ணா என்றாள். அவர்களுடைய இரண்டு பெண்களுக்கும் அவன்தான் மாமா. ஒவ்வொரு விடுமுறைச் சாயங்காலமும் அந்த வீட்டில் அவனுக்கு ஒரு தட்டு உண்டு. இன்று மட்டும், வேலை அவசரம் என்று தங்கச்சி டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பியிருந்தாள். அவனுக்குப் பிடித்ததெல்லாம் இருந்தது. வழக்கத்தைவிடக் கூடவே.

அவன் வேலையைத் தொடங்கினான்.

பின்மூடியின் திருகுகளைக் கழற்றி, மூடியை எடுத்துக் கவிழ்த்து ஓரமாக வைத்தான். ஆல்டர்நேட்டரின் உடல் வெதுவெதுப்பாக இருந்தது. காலையிலிருந்து சும்மா கிடந்த இரும்பு எப்படிச் சூடாகும் என்று யோசித்து, வெயில் பட்டிருக்கும் என்று முடிவு செய்தான். மேசையில் வெயில் படுவதே இல்லையென்பது அவனுக்குத் தெரியும், ஆனாலும் அப்படித்தான் முடிவு செய்தான். ரெகுலேட்டரைக் கழற்றினான். அதோடு சேர்ந்தே வந்தது கார்பன் கூடு: இரண்டு சதுரத் துளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கார்பன் கட்டை, பின்னாலிருந்து அதைத் தள்ளுகிற ஸ்ப்ரிங். கார்பன் இருக்க வேண்டிய இடத்தில் துளை மட்டும் இருந்தது. அடிவரை போய்விட்டது.

அதுகூடப் பரவாயில்லை. வயர் நுனியில் வைத்த ஈயம் பளபளவென்று புதிதாக இருந்ததுதான் உறுத்தியது. பழைய கார்பன் என்றால் ஈயம் கறுத்திருக்கும். இதைப் போட்டு ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. ஈயம் கொழுக்கட்டை பிடித்த மாதிரி உருண்டிருந்தது. ஊரிலேயே அப்படி அசிங்கமாகப் பற்றவைக்கிறவன் ஒரே ஒருத்தன்தான், அவனை அதற்காகக் கரண்டு தினமும் கிண்டல் செய்வான்.

தொடவே இல்லை என்றானே.

மறந்திருப்பான். ஒரு மாதமாக அவனுக்கு எதுதான் நினைவில் இருந்தது? ஸ்லிப் ரிங்கை டார்ச் அடித்துப் பார்த்தான். கார்பன் உரசி ஓடுகிற அந்தச் செம்பு வளையங்களில் காலப்போக்கில் கறுப்பாக ஒரு பள்ளம் விழும், எமரி பேப்பர் போட்டுத் துடைத்தால் பள்ளம் போகாவிட்டாலும் கறுப்பு போகும். இவற்றில் பள்ளமும் இல்லை, கறுப்பும் இல்லை. நாக்கால் நக்கித் துடைத்த தட்டு மாதிரி மின்னின.

ரெகுலேட்டரைச் சோதித்தான். சின்னப் பல்பை மாட்டி மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால், ஓரளவுக்கு மேல் பல்ப் அணைய வேண்டும். அணைந்தால் ரெகுலேட்டருக்கு எங்கே நிறுத்த வேண்டுமென்று தெரிகிறது. பல்ப் எரிந்தது. ஏற்றினான். எரிந்தது. இன்னும் ஏற்றினான். அணையவே இல்லை. இதற்கு நிறுத்தத் தெரியவில்லை. அலமாரியில் இருந்த புது ரெகுலேட்டரை எடுத்து, புதுக் கார்பன் இரண்டையும் துளைகளில் இறக்கி, வயர் நுனியை அழகாகப் பற்றவைத்து, விரலால் அழுத்திப் பார்த்தான். ஸ்ப்ரிங் நன்றாகத் துள்ளியது. உள்ளே பொருத்தித் திருகை முடுக்கி, பெல்ட் ஓடுகிற சக்கரமான புல்லியைப் பிடித்துக் கையால் ஒரு சுற்று சுற்றினான்.

சர்ர்ர் என்று இதமாக ஓடியது. நின்றது.

அவன் கையை எடுத்த பிறகு, இன்னொரு சுற்று சுற்றி, நின்றது.

பேரிங் சரியில்லையோ என்று பார்க்க அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஸ்க்ரூ டிரைவரின் முனையை உடல்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு புல்லியைச் சுற்ற வேண்டும்; உள்ளே மணல் அரைபடுகிற சத்தம் கேட்டால் பேரிங் போச்சு. ஊன்றினான். காதில் வைத்தான். புல்லியைத் தொடுவதற்கு முன்பே சத்தம் வந்தது. மணல் இல்லை. வெகுதூரத்தில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கத்தில் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுக்கிறார்கள். ஒருத்தர் இல்லை. பலர். ஒருவர் இழுக்க, அடுத்தவர் இழுக்க, யாரும் வெளியே விடவில்லை.

காதிலிருந்து எடுத்தான். சோக் இரைந்துகொண்டிருந்தது. குழாய் சொட்டுவது நின்றிருந்தது.

ரெகுலேட்டரைத் திரும்பக் கழற்றிப் பார்த்தான். இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் போட்ட புதுக் கார்பன். பாதி இல்லை. கீழே கறுப்புத் தூள் சிந்திக் கிடந்தது. அதைத் தொட்டு விரல்களால் தேய்த்தான். வழுவழுப்பாக, கொழுப்புப் போல ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோனான். நகம் கருகுகிற வாசனை.

போதும் என்று தோன்றியது. நாளைக் காலையில் வெளிச்சத்தில் மச்சானும் பக்கத்தில் இருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். பயமா என்று யாராவது கேட்டிருந்தால் அடிக்கப் போயிருப்பான், ஆனால் பயம்தான். அவசரமாக எல்லாவற்றையும் பொருத்தினான். மூடியைப் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். எதிர்ச் சுவரில் பலகை அடித்து வரிசையாகத் தொங்கவிட்டிருந்த ஸ்பேனர்கள் அவன் கண்ணில் பட்டன. எல்லாம் நேராகத் தொங்கவில்லை. கொஞ்சம் சாய்ந்து, அத்தனையும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பார்க்காத மாதிரி மூடியை எடுத்துத் திருப்பினான்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆல்டர்நேட்டரைத் திறந்தவன் மூடும்போது மூடியின் உள்பக்கத்தில் கீறல் ஊசியால் தன் குறியைக் கீறிவைப்பான். வேலை திரும்பி வந்தால் யார் தலையை உருட்டுவது என்று தெரிய வேண்டுமே, அதற்குத்தான். கூட்டாளிக்கு முக்கோணம். கரண்டுக்குப் பிறை, படுத்த பிறை, கிண்ணம் மாதிரி, அதற்கு மேலே ஒரு புள்ளி. ஏன் பிறை என்று அவனுக்கே தெரியாது, சின்ன வயதில் ஒருநாள் கை போட்டது, அப்படியே நின்றுவிட்டது.

மூடியின் உள்பக்கம் முழுக்கக் குறிகள் இருந்தன. நட்சத்திரம், ஏணி, கொக்கி, அவன் பார்த்தே இராத கோலமெல்லாம். ஒவ்வொன்றின்மேலும் குறுக்கே ஒரு கோடு, அழுத்தி, ஆழமாக. கடைசிக்கு முந்தியது முக்கோணம். அதன்மேல் அடித்த கோடு இன்னும் வெள்ளையாக மின்னியது; நேற்றோ இன்றைக்கோ அடித்தது.

அதற்குக் கீழே பிறை. அடிக்காத ஒரே குறி. அவனுடையது.

அவன் இன்னும் போடவே இல்லை.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. மச்சான் விளையாடியிருக்கிறான். ஆனால் பிறை தப்பாக இருந்தது. கவிழ்ந்திருந்தது. புள்ளி மேலே இல்லாமல், குடைக்கு அடியில் நிற்கிற ஆள் மாதிரி, கீழே இருந்தது. மூடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். மற்றவை நேராக இருந்தால் இது தலைகீழ்.

ஊரில் எவனாவது அவன் குறியைத் திருடிப் போட்டிருந்தால் நேராகப் போட்டிருப்பான். தலைகீழாகப் போடக்கூடியவன் ஒருத்தன்தான். இத்தனை வருஷமும் இந்த ஒரே மேசைக்கு அந்தப் பக்கத்தில் நின்று, இவன் பிறை கீறுவதை எதிரிலிருந்தே பார்த்தவன். அவன் கண்ணுக்கு அந்தப் பிறை என்றைக்கும் கவிழ்ந்துதான் இருந்திருக்கிறது.

கரண்டு போனை எடுத்தான். விரல் ரேகையை வைத்தால் திறக்கும். வைத்தான். திறக்கவில்லை. தூள் ஒட்டியிருக்கிறதென்று சட்டையில் துடைத்து வைத்தான். திறக்கவில்லை. நடு விரலை வைத்தான். அதுவும் இல்லை. எண்களை அழுத்தித்தான் திறக்க முடிந்தது.

மணி வெகுநேரம் அடித்தது.

"மச்சான், இதுல என் குறிய யாரு போட்டது?"

கூட்டாளிக்குப் பின்னால் தட்டுகளை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது.

"கார்பன் போட்டுட்டியா மாப்ள?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுடா."

"போட்டியா, இல்லையா? அத மட்டும் சொல்லு. உன் கையால போட்டியா?"

"போட்டேன்."

ஒரு மூச்சு. அடைத்துவைத்திருந்த மூச்சை வெளியே விடுகிற சத்தம். தலையிலிருந்து மூட்டையை இறக்கியவன் விடுகிற மூச்சு அது.

"உள்ள தொடவே இல்லன்னு சொன்ன" என்றான் கரண்டு.

"சொன்னேன்."

"கைல ஆசிட்னு சொன்ன."

"ஆசிட் இல்ல." கூட்டாளியின் குரல் இறங்கியது. "கார்பன் தேயும்போதே விரலும் தேய ஆரம்பிக்கும், தீந்தா அது சும்மா நிக்காது மாப்ள. கடைசிக் குறி யாருதோ அவன் விரலத் தேய்க்கும். வலிக்காது. ஒரு பொட்டு வலிக்காது, அதான் கொடும. நானும் தூக்கிப் போட்டுப் பாத்தேன். குப்பைல போட்டேன், கிணத்துல போட்டேன். விடிஞ்சா மேச மேல உக்காந்திருக்கும், சூடா. குறிய அடிச்சா மட்டும் போதாது. இன்னொருத்தன் குறியப் போடணும், அவன் கையால கார்பன் மாட்டணும்."

"ஊர்ல எவ்வளவோ பேர் இருக்கான். என் குறிதான் கெடச்சுதா?"

போன் கை மாறியது.

"அண்ணா." தங்கச்சி. அழுதிருந்தாள். "அவர ஒண்ணும் சொல்லாதீங்கண்ணா. அவர் மாட்டேன்னுதான் சொன்னாரு. நான்தான் சொன்னேன். எங்களுக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க. உங்களுக்கு…"

"எனக்கு?"

"உங்களுக்குப் பின்னால யாரும் இல்லையேண்ணா."

எதையாவது திருப்பிச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. திட்ட வேண்டும் என்று இருந்தது. மச்சான் ஏமாற்றியதைக்கூட ஒரு பக்கமாக ஒதுக்கிவிடலாம், பயந்தவன் எதையும் செய்வான். இவள் உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். யாருக்கு யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்திருக்கிறாள், அந்த எண்ணிக்கையில் அவன் அவர்கள் வீட்டு ஆளாக வரவில்லை. அவன் இத்தனை நாளும் அவர்களைத் தன் பின்னால் இருப்பவர்களாக எண்ணிக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கு எனக்குத் தட்டு வைக்கல, இல்ல?" என்று மட்டும் கேட்டான்.

"டப்பால வச்சிருந்தேனேண்ணா" என்று சொல்லி அவள் உடைந்து அழுதாள்.

அவன் போனை மேசையில் வைத்தான். அணைக்கவில்லை. அணைக்கத் தோன்றவில்லை. டியூப்லைட்டுக்கு அடியில் வலது கையை விரித்துப் பார்த்தான். ஆள்காட்டி விரலின் நுனி தட்டையாக இருந்தது. தட்டைகூட இல்லை, நடுவில் லேசாகக் குழிந்து, வளையத்தின்மேல் உட்கார்ந்து தேய்ந்த கார்பன் எப்படிக் குழிந்திருக்குமோ அப்படி. நகத்தின் மேல்பாதி இல்லை. ரத்தம் இல்லை. உள்ளே சாம்பல் நிறம். நடு விரலிலும் அதே.

வெளிச்சம் வாசலை விட்டுப் போயிருந்தது.

கீறல் ஊசியை எடுத்தான். பிறையின் குறுக்கே ஓங்கி ஒரு கோடு போட்டான். விழுந்தது. பக்கத்தில் முக்கோணம் கீறினான். அலுமினியம் கீறலை வாங்கி, மெல்ல, தண்ணீரில் போட்ட கோடு போல மூடிக்கொண்டது. திரும்பக் கீறினான். மூடிக்கொண்டது. ஒருதரம் குறி அடிபட்டவன் திரும்ப அதற்குள் வரமாட்டான் போல. பிறையின்மேல் அவன் அடித்த கோடும் மறைந்துகொண்டிருந்தது. வேறு ஆள் வேண்டும்.

வேறொரு குறி அவனுக்குத் தெரியும். மச்சானின் பெரிய பெண் பட்டறைக்கு வந்த ஒரு மத்தியானம், எனக்கும் ஒண்ணு வேணும் மாமா என்று அடம்பிடித்து, அவன் மடியில் உட்கார்ந்து, மேசையின் இந்த ஓரத்தில் மூன்று இதழ்ப் பூ ஒன்று கீறினாள். அவன் பக்கத்திலிருந்து கீறியது. அவனுக்கு அது நேராகத்தான் தெரியும். ஒரு தப்பும் இல்லாமல் போட முடியும். கார்பன் மாட்டு கண்ணு என்றால் மாட்டுவாள்.

ஊசி முனை மூடியைத் தொட்டது.

ஒரு இதழ் போட்டான். விழுந்தது. மூடிக்கொள்ளவில்லை. கீறல் வெள்ளையாக நின்றது, அடுத்த இதழுக்குக் காத்துக்கொண்டு.

போடவில்லை. அந்த ஒரு இதழையும் குறுக்கே அடித்து, அடித்து, அடையாளமே தெரியாமல் அரைத்தான். ஊசியைத் தூக்கி எறிந்தான். அப்போதுதான் அவனுக்கு முழுசாகப் புரிந்தது. வேறு எவன் குறியைப் போட்டிருந்தாலும் அவன் இன்னொருத்தன் தலையில் கட்டியிருப்பான், அது சுற்றிச் சுற்றி என்றைக்காவது அந்த வீட்டில் இன்னொருவர் தலைக்கே திரும்பியிருக்கும். இவன் கட்டமாட்டான். இவனோடு நின்றுவிடும். அது அவர்களுக்குத் தெரியும். அவனை அவ்வளவு நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்கள்.

ஸ்பேனர்கள் பலகையில் சலசலத்தன.

ரோட்டர் சுற்றியது. மெதுவாக. பெல்ட் இல்லை. வயர் இல்லை. கொஞ்சம் வேகமாக. திறந்து கிடந்த பின்பக்கத்தில் கார்பன் தூள் கடைசியாக ஒருதரம் பொலபொலவென்று உதிர்ந்தது. இரண்டு சதுரத் துளைகள். காலி.

அவன் கை நகர்ந்தது. அவன் நகர்த்தவில்லை. மேட்டுப் பக்கமாக. இடது கையால் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். மேசை நகர்ந்தது. கை நிற்கவில்லை.

ஆள்காட்டி விரல் முதல் துளையில் இறங்கியது. நடு விரல் இரண்டாவதில். பொருந்தியது. அவனே அளவெடுத்துச் செய்த மாதிரி. பின்னாலிருந்து ஸ்ப்ரிங் தள்ளியது.

வலிக்கவில்லை.

"மாமா?" மேசைமேல் இருந்த போனில் பெரிய பெண்ணின் குரல். "அம்மா ஏன் மாமா அழறாங்க? அப்பா ஏன் கதவத் தாழ்ப்பாள் போடுறாரு?"

வளையம் சுற்றியது. விரல்களில் முதல் கணு தேய்ந்து போயிற்று.

"ஒண்ணுமில்ல கண்ணு" என்றான். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. "நீ போய்ச் சாப்பிடு."

"நீங்க எப்ப வருவீங்க?"

இரண்டாம் கணு. கறுப்புத் தூள் சத்தமில்லாமல் மேசைமேல் கொட்டிக் குவிந்தது. பிறகு ஸ்ப்ரிங் தளர்ந்தது. துளை இரண்டும் காலியாயின. அவன் பார்த்துக்கொண்டே இருக்க, அடுத்த இரண்டு விரல்கள் தாமாக நீண்டன.